அறுப்பு கொரியாவுக்குப் போனபோது

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் ஒரு நாளைக்குப் பேசப்படும் மொத்தப் பேச்சில் சரிபாதியை அறுப்பு ஒருவனே பேசினான் என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். அவனோடு ஒருமுறை ஷேர் ஆட்டோவில் போயிருந்தால், மீதிப் பாதியைப் பேச மற்றவர்களுக்கு எப்போது நேரம் கிடைத்தது என்று கேட்பீர்கள். பல் டாக்டர் வாய்க்குள் இடுக்கியை விட்டிருந்தபோதும் பேசியவன் அவன். தூக்கத்திலும் பேசுவான். நடுவில், “இன்னாடா, கேக்கறியா?” என்று ஒரு கேள்வி வரும். பதில் சொல்லாவிட்டால் எழுந்து உட்கார்ந்து முதலிலிருந்து ஆரம்பிப்பான்.

‘அறுப்பு’ என்ற பெயருக்குக் காரணம் இரண்டு. ரிஷிவந்தியம் பக்கம் நெல் அறுக்கிற வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான் என்பது ஒன்று. இன்னொன்றை நான் விளக்க வேண்டியதில்லை. பாஸ்போர்ட் எடுக்கும்போதுதான் அவனுக்கு வேறொரு பெயரும் இருப்பது எங்களுக்குத் தெரிந்தது. அது அவனுக்குப் பொருந்தவேயில்லை.

அறுப்பு வண்டிக்காரனுக்கு எதற்குப் பாஸ்போர்ட் என்று கேட்கிறீர்களா? செல்போனில் விளையாடத்தான். ஒரு தீவில் நான்கு நான்கு பேராகப் பதினாறு அணிகள் குதிக்கும். ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டு, கடைசிவரை உயிரோடு நிற்கும் அணிக்கு முதல் இடம். இதையே வேலையாகச் செய்கிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்று எங்கள் வீடுகளில் நம்பவைக்க இரண்டு வருடம் ஆனது. அறுப்புக்கு அந்தக் கலை வண்டியிலேயே வந்துவிட்டது. ஒரு கையால் வண்டியைத் திருப்பி, மறு கையால் கத்தியை ஏற்றி இறக்கி, வரப்பு, மின்கம்பம், குறுக்கே ஓடும் கீரிப்பிள்ளை எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் பார்த்துப் பழகியவன். அவனுக்குப் போன் திரை வெறும் ஒரு சாண் வயல்.

எங்கள் அணியின் கேப்டன் சங்கர், உளுந்தூர்பேட்டையில் டயர் கடை வைத்திருப்பவர் மகன். அடுத்த இருவர் சின்னசேலத்து இரட்டையர், பெரியவனும் சின்னவனும். இந்த இருவரும் பேச மாட்டார்கள். ஊமைகள் அல்ல, தேவை ஏற்படவில்லை, அவ்வளவுதான். நான்காவது ஆள் அறுப்பு. ஐந்தாவதாக நான், மாற்று ஆட்டக்காரன். யாருக்காவது காய்ச்சல் வந்தால்தான் எனக்கு ஆட்டம். காலையில் எழுந்ததும் நான்கு பேர் நெற்றியையும் தொட்டுப் பார்க்க வேண்டும்போல் எனக்குக் கை துறுதுறுக்கும். மூக்குக் கண்ணாடி காரணமாக என்னை ‘சோடா’ என்பார்கள்.

நாட்டிலேயே இரண்டாவதாக வந்த எங்களை, சென்னைக் கம்பெனி ஒன்று பத்து வாரப் பயிற்சிக்குத் தென்கொரியாவுக்கு அனுப்பியது. பயிற்சி முடிந்ததும் அங்கேயே ஆசியப் போட்டி.

சியோலுக்கு வெளியே மூன்று மாடி வீடு. பின்பக்க ஜன்னலைத் திறந்தால் நெல்வயல். உள்ளே பளபளவென்று நாற்காலிகள், திரைகள், கண்மூடித் திறப்பதற்குள் எல்லாம் வந்து நிற்கிற இன்டர்நெட். முதல் நாளே எங்கள் மானம் போனது அந்த இன்டர்நெட்டால்தான். எங்கள் ஊர் சிக்னலில் சுடுவதற்கு ஒரு முறை உண்டு. எதிரி இருக்கும் இடத்தில் சுடக் கூடாது. குண்டு போய்ச் சேருவதற்குள் அவன் எங்கே போயிருப்பான் என்று கணித்து அங்கே சுட வேண்டும். இதில் நாங்கள் சூரர்கள். கொரியாவிலோ பட்டனை அமுக்கிய கணமே குண்டு பாய்ந்தது. எதிரிகளுக்கு இரண்டடி முன்னால் இருந்த காற்றை ஐந்து பேரும் ஒரு வாரம் சல்லடையாகத் துளைத்தோம்.

“இன்னாடா இது, நெட்டு இவ்ளோ நல்லா இருந்தா மனுஷன் எப்டி வெளையாடறது?” என்றான் அறுப்பு.

சாப்பாட்டிலும் நாங்கள் தவித்தோம். இரட்டையர் இருவரும் தட்டைப் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அதுவே அவர்களுக்கு ஒப்பாரி. அறுப்பு மட்டும் எல்லாவற்றையும் வெளுத்துக்கட்டினான். “ஊறுகாயையே பொரியல் மாதிரி வெச்சிக்கினு துன்றாங்கடா! இன்னா ஜனங்க!” என்று உருகினான். முனையில் இருந்த கடைக்காரம்மாவிடம் தினமும் போய்த் தமிழில் பேசுவான். அந்தம்மா கொரிய மொழியில் பேசும். அரை மணி கழித்து முகமெல்லாம் சிரிப்பாக வருவான்.

“இன்னாடா சொன்னாங்க?”

“அவங்க மருமவ சரியில்லையாம்.”

“உனக்கு எப்டிடா தெரியும்?”

“மூஞ்சியப் பாத்தா தெரியாது?”

அவனைத் தின்றது அந்த ஊரின் அமைதி. பஸ்ஸில் யாரும் பேசவில்லை. லிப்டில் இவன் “வணக்கம்ங்க” என்றால் அதிர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். வீட்டிலும் எல்லோரும் காதில் மாட்டியதை மாட்டிக்கொண்டு பத்து மணி நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவனுக்குப் பேசக் கிடைத்த ஒரே இடம் ஆட்டத்துக்குள் இருந்த மைக்.

அங்கேதான் கோச் குறுக்கே வந்தார். ஒல்லியான மனிதர், கையில் எப்போதும் குளிர்ந்த காபி. அவர் சொல்வதை எங்களுக்கும் நாங்கள் சொல்வதை அவருக்கும் சொல்ல, அங்கே ஆராய்ச்சி படித்துக்கொண்டிருந்த தஞ்சாவூர்க்காரர் அபிராமி அக்கா இருந்தார். கோச் முதல் நாளே விதி போட்டார். ஆட்டத்தில் எதைச் சொன்னாலும் மூன்று சொல்லுக்குள் சொல்ல வேண்டும். தீவின் வரைபடம் கட்டம் கட்டமாக இருக்கும். எதிரியைப் பார்த்தால் கட்டத்தின் எண்ணைச் சொல்ல வேண்டும்.

எங்கள் அணியில் யாருக்கும் அந்த எண்கள் தெரியாது. காரணம், தீவு முழுவதற்கும் அறுப்பு எப்போதோ பெயர் வைத்துவிட்டான். வடக்கே இருந்த உயர்ந்த மலை ‘கரியாலூர்’. அதன் அடிவாரம் ‘கச்சிராயபாளையம்’. தண்ணீர் தேங்கிய இடம் ‘கோமுகி டேம்’. நாலு ரோடு சந்திக்கிற, எப்போதும் அடிதடி நடக்கிற இடம் ‘உளுந்தூர்பேட்டை டோல்கேட்’. நுழைந்தால் சுலபத்தில் வெளியே வர முடியாத ஒரு கட்டடத்துக்கு ‘நம்ம பஸ் ஸ்டாண்டு’.

முதல் பயிற்சி ஆட்டத்தில் கோச் பின்னால் நின்று கேட்டார். அறுப்பு ஆரம்பித்தான்.

“டேய் சங்கரு, டோல்கேட்டுக்கு இந்தாண்ட பாரு, எங்க மாமா வூட்டு மாட்டுக்கொட்டா மாதிரி ஒண்ணு இருக்குதுல்ல, போன பொங்கலுக்குக்கூட வந்தியே, அதுக்குப் பின்னால ஒரு பச்சச் சட்டை குந்திக்கினு கீறான். பாவம், பயந்தவன் போல. சுடாத, இரு, துப்பாக்கிய மாத்தறான். ஆங், இப்பச் சுடு!”

சங்கர் சுட்டான். பச்சைச் சட்டை விழுந்தான்.

கோச் ஏதோ கேட்டார். அபிராமி அக்கா தயங்கி, “பையன் என்ன சொன்னான்னு கேக்கறார்” என்றார். பிறகு தானே கோச்சிடம் திரும்பி இரண்டே சொல்லில் எதையோ சொன்னார். கோச்சின் புருவம் ஏறியது. இவ்வளவு நேரம் பேசியது இரண்டு சொல்லா என்று அவர் கேட்டது, கொரிய மொழி தெரியாத எங்களுக்கே புரிந்தது.

மூன்று வாரம் அறுப்பு முயன்றான். கட்டத்து எண்களைக் கையில் எழுதிக்கொண்டான், வேர்வையில் அழிந்தது. பாத்ரூம் கண்ணாடியில் எழுதினான். ‘மூன்று சொல்’ என்று அவனுக்கு ஞாபகப்படுத்தினால், “மூணு சொல்லுதானே, சொல்லிட்டாப் போச்சு, இதுல இன்னா கஷ்டம்” என்று அதற்கே ஏழெட்டுச் சொல் செலவழிப்பான். நானோ மூன்றே நாளில் அத்தனை எண்களையும் மனப்பாடம் செய்துவிட்டேன். செய்ததோடு நிற்காமல், கோச் போகும் வழியில் நின்று சத்தமாக ஒப்பித்தேன்.

ஒரு நாள் கோச் எங்களை வரிசையாக நிறுத்தி, அபிராமி அக்கா மூலம் ஒரே கேள்வி கேட்டார்: “இவன் பேச்சு உங்கள் ஆட்டத்துக்குத் தொந்தரவாக இருக்கிறதா?”

சங்கர் இல்லை என்றான். இரட்டையர் இல்லையென்று தலையாட்டினார்கள். நான், “ஆமா” என்றேன்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் சொன்னேன். அடுத்த நாளிலிருந்து அறுப்பின் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த முதல் நாள் மதியமே அறுப்பைக் காணோம். பாஸ்போர்ட் இருந்தது, செருப்பு இல்லை. பயிற்சி நின்றது. கோச் காபியைக் கீழே வைத்ததை அன்றுதான் பார்த்தேன். முனைக் கடை, பஸ் நிறுத்தம் எல்லாம் தேடிவிட்டு மேலே வந்தால், பெரியவன் பின்பக்க ஜன்னலருகில் நின்று விரலை நீட்டிக்கொண்டிருந்தான். வயலில் ஓர் அறுப்பு வண்டி ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டியது நம்ம ஆள். பக்கத்தில் தொப்பி போட்ட ஒரு கிழவர் தொற்றிக்கொண்டு நின்றார்.

ஓடினோம். எங்களைப் பார்த்ததும் அவன் வண்டியை நிறுத்தாமலே கத்தினான். “டேய் சோடா! அப்படியே நம்ம ஊரு வண்டி மாதிரி செயின்ல ஓடறதுடா! இவரு கத்திய ரொம்பத் தாழ்த்தி வெச்சிக்கினு சேத்த வாரிக்கினு இருந்தாரு. மேலேர்ந்து பாத்துக்கினே இருந்தேன், மனசு கேக்கல!”

கிழவர் கோச்சிடம் குனிந்து குனிந்து ஏதோ சொன்னார். அபிராமி அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: “தம்பி பேசினது ஒண்ணும் புரியலையாம். ஆனா ரொம்ப நாளைக்கப்புறம் வயல்ல பேச்சுத்துணை கிடைச்சுதாம். நாளைக்கும் அனுப்ப முடியுமான்னு கேக்கறார்.”

கோச் அனுப்ப முடியாது என்றார். மறுநாள் வாசலில் ஒரு கூடை சர்க்கரைவள்ளிக்கிழங்கு இருந்தது. அறுப்பு அதை வேகவைத்து, எங்கள் எல்லோருக்கும் உரித்துக் கொடுத்தான். என் தட்டில் இரண்டு கிழங்கு அதிகமாக வைத்து, “நீதான்டா ஆடப்போற, துன்னு” என்றான். இரண்டையும் தின்றேன்.

நான் ஆடினேன். எண்களைத் துல்லியமாகச் சொன்னேன். சங்கர் அதைக் கேட்டு, கட்டத்தைத் தேடி, கண்டுபிடிப்பதற்குள் செத்துப்போனான். இரட்டையர் செத்தார்கள். கடைசியில் நானும் செத்தேன். பயிற்சி ஆட்டங்களில் எங்கள் இடம் கீழே கீழே போனது. பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அறுப்பு, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு பார்ப்பான். கழுத்து நரம்பு புடைத்திருக்கும்.

போட்டிக்கு இரண்டு நாள் முன்பு பெரியவன் கதவிடுக்கில் கட்டைவிரலை நசுக்கிக்கொண்டான். வேறு வழியில்லை, அறுப்பு திரும்ப வந்தான். கோச் அவன் முன் மூன்று விரலைக் காட்டினார். அறுப்பு தலையாட்டினான்.

போட்டியின் முதல் நாள் அவன் வாக்கைக் காப்பாற்றினான். ஒரு சொல்கூடப் பேசவில்லை. வாழ்நாளில் அவன் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை. மூச்சு விடுவது மட்டும் காதில் கேட்டது, ஜுரக்காரன் பக்கத்தில் படுத்திருப்பது மாதிரி. தீவு எனக்கு அந்நியமாகிவிட்டது. மலை வெறும் மலையாக இருந்தது. எங்கே போகிறோம், யார் எங்கே இருக்கிறார்கள், ஒன்றும் விளங்கவில்லை. நாள் முடிவில் பதினாறு அணியில் பதினான்காவது இடம். முதல் எட்டுக்குள் வந்தால்தான் இறுதிச் சுற்று.

மறுநாள் காலை கோச் பலகையில் கோடுகள் போட்டு விளக்கிக்கொண்டிருந்தார். அப்போது அறைக்குள் ஒரு புதுக் குரல் கேட்டது.

“அவனப் பேசச் சொல்லுங்க.”

எல்லோரும் திரும்பினோம். சின்னவன். சங்கர் வாயைப் பிளந்தான். கோச் அபிராமி அக்காவிடம் ஏதோ கேட்டார். “இந்தப் பையன் பேசுவானான்னு கேக்கறார்” என்றார் அக்கா.

“அவன் பேசலைன்னா எனக்கு வழி தெரியல” என்றான் சின்னவன். அதோடு முடித்துக்கொண்டான். ஒரு வருடத்துக்கான பேச்சு தீர்ந்துவிட்டது போலிருக்கிறது.

கோச் என்னைப் பார்த்தார். முன்பு ‘ஆமா’ சொன்னவன் நான்தானே. “எனக்கும் வழி தெரியலங்க” என்றேன். கோச் கோடுகளை அழித்தார்.

அன்று அறுப்பு பேசினான். ஒரு நாள் அடைத்துவைத்த கோமுகி மதகைத் திறந்தால் எப்படி இருக்கும்? அப்படி. மாமா வீட்டு மாட்டுக்கொட்டாய் வந்தது; ரிஷிவந்தியம் தேர் வந்தது; மேட்டு வழியில் பின்வாங்கியபோது, “இது லோடு லாரி போற ரூட்டு, ஓரமா வாங்கடா” என்பதும் வந்தது. மலை மறுபடி கரியாலூர் ஆனது. எனக்கு என் தீவு திரும்பக் கிடைத்தது. இரண்டு ஆட்டத்தில் பத்தாவது இடத்துக்கு வந்துவிட்டோம்.

அந்தப் போட்டியில் ஒரு வழக்கம் உண்டு. நடுநடுவே ஏதாவது ஓர் அணி தங்களுக்குள் பேசிக்கொள்வதை அரங்கம் முழுக்கக் கேட்க வைப்பார்கள். எங்களுடையதை வைத்தார்கள். மற்ற அணிகள் பேசினால் தந்தி அடிப்பது போல இருக்கும். எங்கள் முறை வந்தபோது அறுப்பு ஒரு புதருக்குள் படுத்துக்கொண்டு, எதிரில் இருந்தவன் நடையை அவன் சித்தப்பா நடையோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தான். வர்ணனையாளர்கள் திகைத்து, அபிராமி அக்கா கையில் மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். பத்து வாரமாக இரண்டு சொல்லில் சுருக்கிவந்த அக்கா அன்று ஒரு சொல் விடாமல் பெயர்த்துச் சொன்னாராம். எங்களுக்குக் காது மூடியிருந்ததால் ஒன்றும் கேட்கவில்லை. நாற்காலி மட்டும் லேசாக அதிர்ந்தது. நிமிர்ந்து பார்த்தால் அரங்கமே சிரித்துக்கொண்டிருந்தது.

கடைசி ஆட்டம். எட்டாம் இடத்துக்கு ஒரு விரற்கடைதான் பாக்கி. சங்கரும் சின்னவனும் விழுந்துவிட்டார்கள். அறுப்பு கரியாலூர் உச்சியில், பாறைக்குப் பின்னால் பத்திரமாக இருந்தான். இன்னும் இரண்டு அணி ஒழியும்வரை அவன் அசையாமல் குந்தியிருந்தால் போதும், இறுதிச் சுற்று எங்களுக்கு. நான் டோல்கேட் பக்கம் அடிபட்டு விழுந்தேன். இந்த விளையாட்டில் விழுந்தவன் உடனே சாக மாட்டான். கொஞ்ச நேரம் தவழ்ந்துகொண்டு கிடப்பான். கூட்டாளி ஒருவன் வந்து சில விநாடி பக்கத்தில் உட்கார்ந்தால் எழுந்துவிடலாம்.

“வராத!” என்று கத்தினேன்.

“இரு இரு, கச்சிராயபாளையம் தாண்டிட்டேன்.”

“டேய், வராதடா! அங்கயே குந்து! எட்டாவது வந்துடலாம்!”

“தோ, டேம்கிட்ட வந்துக்கினு கீறேன். நீ அந்தச் சுவத்தாண்ட ஒதுங்கிக்கோ. கால இழுத்துக்கோடா, வெளிய தெரியுது பாரு.”

வந்துவிட்டான். என் பக்கத்தில் உட்கார்ந்தான். “எழுந்துக்கோ, அவ்ளோதான், தோ ஆச்சு” என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே எங்கிருந்தோ வந்த குண்டுகள் எங்கள் இருவரையும் முடித்தன.

ஒன்பதாவது இடம்.

சங்கர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி மேஜைமேல் எறிந்துவிட்டு எழுந்து போனான். கோச் வந்தார். கோபம் தெரியவில்லை, தெரியாதது இன்னும் பயமாக இருந்தது. ஏன் இறங்கினாய் என்று அக்கா மூலம் கேட்டார்.

அறுப்பு தலையைச் சொறிந்தான். “அவன் அங்க தனியாக் கெடந்தாங்க” என்றான்.

அவ்வளவுதான். அக்கா அதைச் சொன்னார். கோச் ஏதோ சொல்லி, அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

“தப்புங்கிறார்” என்றார் அபிராமி அக்கா. “ஆட்டத்துக்குத் தப்புன்னு மட்டும்தான் சொல்றார்.”

திரும்பும்போது சென்னையிலிருந்து பஸ். பகல் வெயிலில் விழுப்புரம் தாண்டியதும் என்னால் அடக்க முடியவில்லை. “கோச்சுகிட்ட ஆமான்னு சொன்னது நான்தான்டா” என்றேன்.

“தெரியும்.”

“எப்டி?”

“நான் அங்கதானடா நின்னுக்கினு இருந்தேன்? உனக்கு முன்னாடி சின்னவன், அவனுக்கு முன்னாடி பெரியவன்.” வறுத்த வேர்க்கடலைப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினான். “ரொம்ப நாளா பின்னாலயே குந்திக்கினு இருந்த. எனக்கா இருந்தாலும் ஆமான்னுதான் சொல்லியிருப்பேன்.” பிறகு, அவன் சொல்லியிருக்கவே மாட்டான் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும் என்பதாலோ என்னவோ, உடனே பேச்சை மாற்றி உளுந்தூர்பேட்டை வரைக்கும் மாமா வீட்டு மாடு கன்று போட்ட கதையைச் சொன்னான்.

அணி கலைந்துவிட்டது. சங்கர் டயர் கடையைப் பார்த்துக்கொள்கிறான். அறுப்பிடம் பேச ஆறு மாதம் பிடித்தது அவனுக்கு, இப்போது பேசுகிறான். இரட்டையர் சேலத்தில் ஒரு கம்பெனியில் இருக்கிறார்கள். அங்கே அவர்களுக்கு நல்ல பெயர். நான் கள்ளக்குறிச்சியில் ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் தட்டுகிறேன். அறுப்பு, சீசனில் வண்டி ஓட்டுகிறான். சீசன் இல்லாதபோது விளையாடிக்கொண்டே பேசுவதை நேரலையில் விடுகிறான். கடைக்காரம்மா ஊரிலிருந்தும் ஆட்கள் பார்க்கிறார்களாம். ஒரு சொல் புரியாமலே.

எனக்கு ஞாயிற்றுக்கிழமைதான் ஓய்வு. அன்றைக்கு அவன் வண்டி எந்த ஊர் வயலில் ஓடுகிறதோ, அந்த ஊரில் எனக்கு எப்படியோ ஒரு வேலை வந்துவிடுகிறது.